முழுநிலவு ஏன் தட்டையாகத் தெரிகிறது?

கெடிலக்கரை (கேள்வி):
கடந்த பௌர்ணமியன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் என் மகளுடன் அமர்ந்து நிலா எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலா கடலை விட்டு நன்றாக மேலேறி வெளுத்த பிறகு, "பந்து என்று பாடத்தில் இருக்கிறதே அப்பா, தோசைக்கல் மாதிரியல்லவா தெரிகிறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு திருநீற்று உருண்டையை விளக்கின் முன் வைத்துப் பார்த்தால் நடுப்பகுதி வெளிச்சமாகவும் ஓரம் மங்கலாகவும் இருக்கிறது. அந்த மங்கலைக் கொண்டுதான் அது உருண்டை என்று கண் அறிகிறது. முழுநிலவின் ஓரத்தில் அந்த மங்கல் ஏன் இல்லை? அதோடு, அரைநிலா நாளில் நிலவொளி பாதியாகக்கூட இல்லாமல் மிகவும் குறைந்துவிடுவது ஏன்?

உப்பனாறு:
நிலா வெண்மையான பொருளே அல்ல. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 12 விழுக்காட்டை மட்டுமே அது திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச்சாலையின் அளவு என்று சொல்லலாம். சுற்றிலும் கருவானம் இருப்பதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. தட்டையாகத் தெரிவதற்குத் தொலைவே காரணம் என்று நினைக்கிறேன். 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பொருளின் மேடுபள்ளத்தை நம் இரு கண்களால் பிரித்தறிய முடியாது.

பாகூர் ஏரிக்கரை:
முதல் பகுதியை ஏற்கிறேன், இரண்டாவதை ஏற்க இயலவில்லை. வியாழன் நிலாவைவிடப் பல மடங்கு தொலைவில் இருக்கிறது. ஆனால் தொலைநோக்கியில் பார்த்தால் அதன் ஓரம் மங்கியே தெரிகிறது. ஆகவே தொலைவு காரணமன்று. மேற்பரப்பு ஒளியை எந்தத் திசையில் திருப்புகிறது என்பதே காரணம்.

மூன்று வகைப் பரப்புகளை எண்ணிப் பாருங்கள். திருப்பாதிரிப்புலியூர்க் கோபுரத்துக் கலசம் பளபளப்பானது. அதில் சூரியன் ஒரே ஒரு புள்ளியாக மின்னும். நிலா அப்படி வழவழப்பாக இருந்திருந்தால் வானில் ஒரு சிறு புள்ளியைத்தான் கண்டிருப்போம் என்று கலிலியோ 1632இலேயே வாதிட்டார். திருநீற்று உருண்டை இரண்டாம் வகை. 1760இல் கணித அறிஞர் லாம்பர்ட் வகுத்த விதிப்படி, சாய்வாக ஒளி விழும் ஓரம் மங்குகிறது. அத்தகைய உருண்டைகூடப் பாதி ஒளிர்ந்த நிலையில், முழுதும் ஒளிரும்போது தருவதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தரும். நிலாவோ பத்தில் ஒரு பங்கு அளவுக்கே தருகிறது. அது மூன்றாம் வகை.

அந்த மூன்றாம் வகையை எங்கள் ஊர் வயலில் காணலாம். உழுது போட்ட வயலில் காலை வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் மண்கட்டிகளின் வெயில் பட்ட முகங்களே தெரியும். ஒவ்வொரு கட்டியும் தன் நிழலைத் தனக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளும். அப்படியே திரும்பிச் சூரியனை நோக்கி நின்றால், அதே வயல் நிழலும் கருமையுமாக மாறிவிடும். நிலாவின் மேல் படிந்திருக்கும் பொடியும் நுண்துகள்களாலான இத்தகைய வயல்தான். பௌர்ணமியன்று சூரியன் நமக்குப் பின்னால் இருப்பதால், நிலாவின் நடுவிலும் ஓரத்திலும் துகள்களின் ஒளிபட்ட முகங்களையே காண்கிறோம். ஓரம் மங்காததால் உருண்டை தட்டாகிவிடுகிறது. அரைநிலாவில் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம்; துகள்களின் நிழல்கள் அனைத்தும் கண்ணில் படுகின்றன. அப்பல்லோ வீரர்கள் நிலாவில் எடுத்த படங்களில் அவர்களுடைய தலை நிழலைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் தெரிவதும் இதனால்தான்.

சவுக்குத் தோப்பு:
வெள்ளிக் கோளையும் சேர்த்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கே நாம் காண்பது நிலப்பரப்பை அன்று, மேகத்தை. விழும் ஒளியில் நான்கில் மூன்று பங்கை அந்த மேகங்கள் திருப்பிவிடுகின்றன. ஒளி மேகத்துக்குள் புகுந்து, துளிக்குத் துளி சிதறி வெளிவருவதால், மண்கட்டி நிழலைப் போன்ற எதுவும் அங்கே இல்லை. திரும்பி வரும் ஒளியலை எந்தத் தளத்தில் எவ்வளவு அதிர்கிறது என்பதைக் கொண்டே, அந்தத் துளிகள் கந்தக அமிலத்தாலானவை, ஆரம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று 1974இல் அறிவியலாளர்கள் ஹான்சனும் ஹோவனியரும் நிறுவினர். யாரும் போய்த் தொட்டுப் பார்க்காத ஒரு மேகத்தின் துளியளவைத் திரும்பிய ஒளி சொல்லிவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கெடிலக்கரை:
மூவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை மகளை வயலுக்கு அழைத்துச் சென்றேன். உழவு இல்லை, நடவு முடிந்த பயிர்; ஆனாலும் பனியில் அவளுடைய தலை நிழலைச் சுற்றி வெளிச்சம் தெரிந்தது. இதுவும் நிழல் மறைவதால்தானா?

பாகூர் ஏரிக்கரை:
விளைவு ஒன்றுபோல் இருந்தாலும் அங்கே முதன்மைக் காரணம் வேறு, ஐயா. ஒவ்வொரு பனித்துளியும் ஒரு குவிவில்லையாகி வெயிலை இலையின்மேல் குவிக்கிறது. இலையில் பட்ட ஒளி அதே துளி வழியாக, வந்த திசையிலேயே திரும்புகிறது. ஆகையால் பனி உலர்ந்ததும் அந்த வெளிச்சம் பெரிதும் குறைந்துவிடும். அரைநிலாவையும் முழுநிலாவையும் ஒப்பிட்டு அளக்க விரும்பினால், இரண்டு நாளும் நிலா உச்சிக்கு அருகில் வரும் வரை காத்திருங்கள். கடலோரம் தாழ்ந்திருக்கும்போது இடையில் உள்ள காற்றே ஒளியில் பெரும்பகுதியைச் சிதறடித்துவிடும்.