3 அடி ரீஃப் டேங்குக்கு எல்இடி: நடுவில் ஒன்றா, பக்கத்துக்கு ஒன்றா?

உப்புத்தண்ணி

வணக்கம். கோரல் (பவளம்) வளர்க்க உப்புநீர் டேங்க் வைத்திருக்கிறேன், 90 × 45 × 50 செ.மீ. கண்ணாடி மூடி கிடையாது, மேலே வலை மட்டும். சைக்கிள் (கழிவை முறிக்கும் பாக்டீரியா வளரும் காலம்) முடிந்துவிட்டது. நைட்ரேட் 8 பிபிஎம், பாஸ்பேட் 0.06 பிபிஎம். இப்போது மேலே இருப்பது செடித் தொட்டிக்கு வாங்கிய 6500 கெல்வின் வெள்ளை எல்இடி.

மணலில் மஷ்ரூம், சோயாந்தஸ், நடுமட்டத்தில் ஹேமர், டார்ச், பாறை உச்சியில் ஒரு மான்டிபோரா என்று கோரல் வைக்கத் திட்டம். உச்சி நீர்மட்டத்துக்கு 18 செ.மீ. கீழே இருக்கிறது.

லிட்டருக்கு இத்தனை வாட் என்று பழைய பதிவுகளில் சொல்கிறார்களே, அது எல்இடிக்கும் செல்லுமா? நடுவில் 150 வாட் ஒன்று போடலாமா, 75 வாட்டில் இரண்டு போடலாமா? எவ்வளவு உயரம், நீலம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு, எத்தனை மணி நேரம்? பார் மீட்டர் (கோரலுக்குப் பயன்படும் ஒளியை அளப்பது) கையில் இல்லை.

நீலவிளக்கு

வாட் கணக்கை முதலில் விட்டுடுங்க. வாட் என்பது லைட் இழுக்கிற மின்சாரம், கோரல் மேல விழுற வெளிச்சம் இல்லை. ஒரே லைட்டில் 60 டிகிரி லென்ஸ் போட்டால் நடுவில் ஒரு கை அகலத்துக்குச் சுட்டெரிக்கும், ஓரம் இருண்டு கிடக்கும். அதையே 120 டிகிரி ஆக்கினால் உச்சம் பாதிக்கும் கீழே இறங்கும், ஆனா டேங்க் முழுக்கப் பரவும். வாட் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

பார்க்க வேண்டியது பார் அளவு. 400 முதல் 700 நானோமீட்டர் வரைக்குமான ஒளித்துகள் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுதுங்கிறதுதான் அது. உங்க பட்டியலுக்கு: மஷ்ரூம், சோயாந்தஸ் 50–100, ஹேமர், டார்ச் 80–150, மான்டிபோராவுக்கு 200 பக்கம் கிடைச்சால் போதும். அதிக ஒளி கேட்கிற அக்ரோபோரா கோரல் வைக்கப் போறதில்லை என்பதால் 300-ஐத் துரத்த வேண்டாம்.

இரண்டு லைட்டே போடுங்க, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டேங்கை இரண்டு 45 செ.மீ. சதுரமாப் பிரிச்சு ஒவ்வொன்றோட நடுவிலும் ஒண்ணு, அதாவது பக்கக் கண்ணாடியிலிருந்து 22–23 செ.மீ. உள்ளே. காரணம் பரவல் மட்டும் இல்லை, நிழலும்தான். நடுவில் ஒரே லைட் இருந்தால் ஒவ்வொரு கோரலுக்கும் வெளிச்சம் ஒரே திசையிலிருந்துதான் வரும். மான்டிபோரா தட்டு தட்டா வளர வளர, அதன் நிழலில் இருக்கிற அடித்தட்டு முதலில் பழுப்பாகும், அப்புறம் சதை விலகி வெள்ளை எலும்பு தெரியும். இரண்டு பக்கத்திலிருந்து ஒளி வந்தால் அந்த நிழல் பாதி கரைஞ்சிடும்.

உயரம்: நீர்மட்டத்திலிருந்து 25 செ.மீ.யில் ஆரம்பிங்க. 15-க்கு இறக்கினால் பாறை உச்சியில் பொட்டு வெச்ச மாதிரி ஒரு சூடான புள்ளி உருவாகும், சிவப்பு, நீலம் தனித்தனியா விழுந்து மணலில் டிஸ்கோ வெளிச்சம் ஓடும். 35-க்கு மேல ஏத்தினால் பாதி வெளிச்சம் ஹாலுக்குத்தான் போகும்.

நிறம்: கோரலுக்குள்ள இருக்கிற பாசி குளோரோபில் ஏ, சி2, பெரிடினின் மூலமா ஒளியை எடுத்துக்குது. அதனால 420–480 நானோமீட்டர் பகுதிதான் முதுகெலும்பு. ராயல் ப்ளூ (450), ப்ளூ (470), வயலட் (400–420) மூணையும் ஒரே அளவில் வைங்க. வெள்ளை அதில் ஐந்தில் ஒரு பங்கு. சிவப்பும் பச்சையும் 0–5 சதவீதம், அது கண்ணுக்காக மட்டும். இப்ப இருக்கிற 6500 கெல்வின் லைட்டில் மஷ்ரூம் சாகாது, பிழைச்சிருக்கும். ஆனா சோயாந்தஸ் ஒளிர்ற நிறமெல்லாம் நீலத்தில்தான் எழும்.

நேரம் 10 மணி: 2 மணி ஏற்றம், 6 மணி முழு அளவு, 2 மணி இறக்கம்.

இனி முக்கியமானது. நீல சேனல்களை (லைட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் இருக்கிற தனிக் கட்டுப்பாடு) 30 சதவீதத்தில் ஆரம்பிச்சு வாரத்துக்கு 5 மட்டும் ஏத்துங்க. ஒளி அளவுக்கு மீறினால் அந்தப் பாசி, செல்லைத் தாக்குற ஆக்சிஜன் வகைகளை உண்டாக்குது. கோரல் அதைத் தாங்காமல் பாசியையே வெளியே தள்ளிடும், வெளுத்துப் போகும். இது சில நாளில் நடந்துடும். ஒளி குறைஞ்சால் ஹேமர் நீண்டு தொங்கும், மான்டிபோரா பழுப்பாகும், ஆனா அதுக்கு வாரக்கணக்கில் ஆகும், திருத்திக்க நேரமும் இருக்கும். புது எல்இடியில் கோரல் போறதுக்கு நான் பார்க்கிற காரணம் பெரும்பாலும் ஒளி மிகுதிதான், போதாமை இல்லை.

அளவுகோல்

நீலவிளக்கு சொன்னதில் ஒரு திருத்தம். மூன்று நீல சேனல்களையும் "ஒரே அளவில்" வைப்பது லைட்டுக்கு லைட் மாறும். சிலவற்றில் வயலட் சில்லு நான்குதான் இருக்கும், ராயல் ப்ளூ பதினாறு இருக்கும். சேனல் சதவீதம் ஒன்றாக இருந்தாலும் தண்ணீரில் இறங்கும் ஒளி ஒன்றாக இருக்காது. ஆகவே இன்னொருவருடைய செட்டிங்கை அப்படியே நகல் எடுப்பது, அவர் வைத்திருப்பதும் அதே மாடலாக இல்லாவிட்டால், பயனற்றது.

மீட்டர் பற்றி. லக்ஸ் மீட்டரையும் கைபேசிச் செயலியையும் நம்பாதீர்கள். லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் உணர்திறனைக் கொண்டு அளப்பது. கண் 555 நானோமீட்டர் பச்சையில் உச்சம். 450-இல் அதில் 4 சதவீதம்கூட இல்லை. நீலம் மட்டும் எரியும்போது லக்ஸ் சின்ன எண்ணைக் காட்டும், "குறைவாக இருக்கிறதே" என்று ஏற்றுவீர்கள், கோரல் வெளுக்கும். லக்ஸை 54-ஆல் வகுத்தால் பார் கிடைக்கும் என்ற வாய்பாடு சூரிய ஒளிக்கு உரியது, ரீஃப் லைட்டுக்குச் செல்லாது.

பார் மீட்டரை ஒரு நாள் இரவல் வாங்கினால் போதும். வாங்கும்போது இரண்டைக் கேளுங்கள். பழைய வகை சென்சார்கள் நீலத்தைக் குறைத்துக் காட்டும், எனவே முழு நிறமாலை சென்சாரா என்று பாருங்கள். அடுத்து, தண்ணீருக்குள் மூழ்கிய சென்சார் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அபோஜி எம்க்யூ-510 மீட்டர் போன்றவற்றில் இதற்கான திருத்தம் உள்ளேயே இருக்கிறது, மற்றவற்றில் தயாரிப்பாளர் தரும் எண்ணால் பெருக்க வேண்டும்.

அளக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். வலை எப்போதும் இருக்குமென்றால் வலையோடே அளங்கள், அது தின்னும் ஒளி கணக்கில் வந்துவிடும். மணல், நடுமட்டம், உச்சி என மூன்று மட்டம். ஒவ்வொன்றிலும் நான்கு மூலை, ஒரு நடு. அலை ஓடினால் எண் குதித்துக்கொண்டே இருக்கும், அதனால் அலை பம்பை நிறுத்திவிட்டு எண்ணைக் குறியுங்கள். 100 சதவீதத்தில் அளந்து பாதியாக வகுப்பதும் வேண்டாம். டிம்மர் எல்லா லைட்டிலும் நேர்விகிதமாக இறங்குவதில்லை. 30, 50, 70 மூன்றிலும் தனித்தனியாக எடுத்துவிட்டால் பிறகு மீட்டரே தேவைப்படாது.

மின்சாரக்காரர்

லைட்டை மாட்டுறதைப் பத்தி யாரும் பேசலை, அதையும் பார்த்துடுங்க.

டேங்க் லைன் முழுக்க 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு ஆனால் லைனை வெட்டிவிடுற சுவிட்ச்) வழியா வரணும். உப்புத்தண்ணி விஷயத்தில் இதுக்கு மாற்றே கிடையாது. ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி, திரும்ப மேலே ஏறிப் போகணும். வயர் வழியா வழியிற தண்ணி அந்த வளைவில் சொட்டிடும், சாக்கெட்டுக்குள்ள போகாது. டிரைவர் பெட்டியை (எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கிறது) சம்ப்புக்கு (டேங்கோட வடிகட்டித் தொட்டி) மேல வைக்காதீங்க. அந்த ஈரக் காத்துக்குப் பின்னு பச்சை பூத்துடும்.

கம்பியில் தொங்கவிடுறதா இருந்தால் ஒரு லைட்டுக்கு இரண்டு தனித்தனிப் பிடிமானம் கொடுங்க, ஒண்ணு விட்டாலும் லைட் தண்ணிக்குள்ள விழாது.

மாசம் ஒரு தடவை ஃபேனைப் பாருங்க. இறக்கையோட முன்விளிம்பில் வெள்ளையா உப்பு படிஞ்சு முள் முள்ளா நிக்கும். எடை ஒருபக்கம் ஏறி ஃபேன் கிர்ர்னு கத்த ஆரம்பிக்கும், அப்புறம் நிக்கும். ஃபேன் நின்னதும் சில லைட் தானா வெளிச்சத்தைக் குறைச்சுக்கும், கோரல் பழுப்பானதும் நீங்க செட்டிங்கைக் குறை சொல்வீங்க. ஆர்ஓ தண்ணியில் நனைச்ச துணியே போதும். அக்ரிலிக் மூடியில் ஆல்கஹால் மட்டும் வேண்டாம், மெல்லிய விரிசல் விழும்.

இன்னொண்ணு, சில கன்ட்ரோலர் மின்தடைக்கப்புறம் நேரத்தை மறந்து, தொழிற்சாலை செட்டிங்கில் 100 சதவீதத்தில் எரியும். வாங்கின அன்னைக்கே பிளக்கைப் பிடுங்கி அரை மணி கழிச்சு மாட்டிப் பாருங்க. மறக்கிற ரகமா இருந்தால் யூபிஎஸ் கொடுங்க, இல்லாட்டி திருப்பிக் கொடுத்துடுங்க.

உப்புத்தண்ணி

தெளிவாகிவிட்டது, நன்றி. இரண்டு லைட், 25 செ.மீ. உயரம், 30 சதவீதம். ஒரு சந்தேகம்: இரண்டு மாதம் கழித்து லைட் 60-இல் இருக்கும்போது புதுக் கோரல் வந்தால், அதற்காக எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டுமா?

நீலவிளக்கு

வேண்டாம், பழையதுக்கு அது தண்டனை. புதுசை மணலில், பாறை நிழல் விழுற ஓரத்தில் ஒரு வாரம் வைங்க, பிறகு வாரத்துக்கு ஒரு படி மேலே. டார்ச்சா இருந்தால் சுத்தி 15 செ.மீ.யாவது காலியா விடுங்க, இரவில் அதன் நீள இழை பக்கத்துக் கோரலைக் கொட்டிடும்.

லைட்டை ஏத்துற வாரங்களில் காரத்தன்மையை வாரம் இரண்டு தடவை அளந்துடுங்க. ஒளி கூடினால் கோரல் வேகமா எலும்பு கட்டும், டிகேஎச் (காரத்தன்மையோட அளவு) இறங்கும். 8–9-க்குள்ள நிக்கலைன்னா அந்த வாரம் லைட்டைத் தொடாதீங்க, முதலில் டோசிங்கை (காரத்தன்மைக்கான கரைசல் சேர்க்கிறதை) சரி பண்ணுங்க. இரண்டையும் ஒரே நாளில் மாத்தினால், கோரல் சுருங்கும்போது காரணம் எதுன்னு கண்டுபிடிக்க முடியாது.