டிரைசூட் போட்டும் கால் மணி நேரத்தில் குளிர் ஏறுகிறது: எங்கே கோளாறு?

பாமணிக்கரை:
வணக்கம். ஊர் மன்னார்குடி, படிப்பது நார்வேயில், டிரான்ட்ஹெய்ம். பொங்கல் விடுமுறைக்கு வந்திருக்கிறேன். டிரைசூட்டையும் (தண்ணீர் உள்ளே புகாத டைவிங் உடை) பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்துவிட்டேன், இங்கேயே சரிபார்த்துவிடலாம் என்று. டைவிங் பழகியது புதுச்சேரியில், 3 மி.மீ. வெட்சூட்டில் (தண்ணீர் உள்ளே புகும் ரப்பர் உடை). குளிர் என்ற பேச்சே அங்கே கிடையாது. நார்வேயில் ஃபியோர்டில் (மலைகளுக்கு நடுவே புகுந்த கடல்) தண்ணீர் 5 டிகிரி. 18 மீட்டர் இறங்கினால் கால் மணி நேரம் சுகமாக இருக்கிறது. அப்புறம் வலது கை, முதுகு, கால்விரல் என்று வரிசையாக விறைக்கிறது. கழற்றிப் பார்த்தால் வலது கை முழங்கை வரை ஈரம், இடுப்புக்கு மேலே பிசுபிசுப்பு.

சூட் ட்ரைலேமினேட் (மூன்று அடுக்கு மெல்லிய துணி) வகை. உள்ளே கைவைத்த பனியன், மேலே ஃப்ளீஸ், காலில் இரண்டு ஜோடி காட்டன் சாக்ஸ். சூட்டுக்குள் காற்றுக்குப் பதிலாக விட ஆர்கான் வாயு சிலிண்டர் வாங்கு என்கிறான் ஒருவன், பேட்டரியில் சூடாகும் ஹீட்டர் வெஸ்ட் என்கிறான் இன்னொருவன். எதை வாங்கலாம்?

நாகைக்காரன்:
இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் தம்பி. ட்ரைலேமினேட் தண்ணீரைத் தடுக்கும், அத்தோடு சரி. கதகதப்பு தருவது உள்ளாடை பிடித்து வைத்திருக்கும் காற்று. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் உள்ளே ஈரம் எப்படி வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பருத்திப் பனியன் நம் ஊர் வெயிலுக்கு தெய்வம். அங்கே அது வேர்வையைக் குடித்துவிட்டு முதுகிலேயே வைத்துக்கொள்ளும். தோலை ஒட்டி மெரினோ கம்பளி, இல்லாவிட்டால் பாலியெஸ்டர்.

இரண்டு கேள்வி. சூட்டை எங்கே வைத்து மாட்டுகிறாய்? வலது மணிக்கட்டில் ஏதாவது கட்டியிருக்கிறாயா?

பாமணிக்கரை:
அறையிலேயே மாட்டி ஜிப்பையும் இழுத்துவிடுவோம். பிறகு அரை மணி நேரம் காரில், ஹீட்டர் ஓடும். மணிக்கட்டில் எட்டுக்குடி முருகன் கோயில் கயிறு இருக்கிறது. எப்படி அண்ணே கேட்டீர்கள்?

நாகைக்காரன்:
நம் ஆள் என்றால் கயிறு இருக்குமே! சீல் (மணிக்கட்டிலும் கழுத்திலும் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் பட்டை) தோலோடு ஒட்டி உட்கார வேண்டும். அதற்கு அடியில் நூல், ஃப்ளீஸ் கையின் ஓரம் எது போனாலும் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறும். கயிறு இல்லாவிட்டாலும் முஷ்டியை இறுக்கினால் மணிக்கட்டில் நரம்பு புடைத்துப் பள்ளம் விழும், அதன் வழியாகவும் கசியும். சீலைக் கொஞ்சம் மேலே, முன்கையில் ஏற்றிப் போடு.

முதுகுப் பிசுபிசுப்புக்குக் காரணம் கார். ஜிப்பைக் கரைக்குப் போய் இழு.

குடந்தை அக்கா:
கயிற்றின் மேல் பழி போடும் முன் சூட்டையும் சோதித்துவிடு தம்பி. ஸ்காட்லாந்தில் இருந்தபோது ஸ்காபா ஃப்ளோவில் டைவ் செய்திருக்கிறேன் (1919-இல் ஜெர்மன்காரர்கள் தாங்களே மூழ்கடித்த கப்பல்கள் கிடக்கும் இடம்). கசியும் சூட்டோடு அங்கே பட்ட பாடு போதும்.

ஒரு மணிக்கட்டு சீலில் வழுவழுப்பான பிளாஸ்டிக் பாட்டில், கழுத்தில் அளவான எவர்சில்வர் சொம்பு. இன்னொரு மணிக்கட்டில் அடிப்பாகம் வெட்டிய பாட்டிலை வாய் வெளியே இருக்கும்படி செருகு, வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டிவிடு, சீல் கிழியாது. ஜிப்பை மூடி, பாட்டில் வாய் வழியாகச் சூட் உப்பும்வரை ஊதி மூடியைத் திருகு. அப்புறம் பஞ்சர் கடையில் ட்யூப் பார்ப்பது போலத்தான்: தையல், ஜிப், வால்வு எல்லா இடத்திலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பார். தோள் வால்வின் நடுவில் வந்தால் பயப்படாதே, காற்றை வெளியே விடுவதுதான் அதன் வேலை. வால்வும் துணியும் சேரும் விளிம்பில் வந்தால்தான் கசிவு.

நிழலில் உலர்த்து. லேடெக்ஸ் சீலில் தேங்காய் எண்ணெய் தடவிவிடாதே, ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். வாசனையில்லாத டால்கம் பவுடர் போதும்.

காலுக்கு ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸ், பூட்டுக்குள் விரல் அசைய இடம் வேண்டும். இரண்டு ஜோடி போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டமும் குறையும், காற்றுக்கும் இடமிருக்காது. இறங்கும்போது சூட்டுக்குள் காற்று விடுவதில் கஞ்சத்தனம் செய்கிறாயோ என்றும் எனக்குச் சந்தேகம். கழற்றியதும் தோலில் மடிப்புத் தழும்பு தெரிகிறதா?

பாமணிக்கரை:
தெரிகிறது அக்கா, தொடையில். காற்று காலுக்குப் போய்க் கால் மேலே தூக்கிவிடுமோ என்று பயந்து குறைவாகத்தான் விடுவேன்.

குடந்தை அக்கா:
அழுத்தத்தில் ஃப்ளீஸ் தட்டையாகிவிட்டால் போட்டும் புண்ணியமில்லை. தழும்பு விழாத அளவுக்கு விடு. கால் தூக்கினால் உருண்டு நிமிர்வதைப் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு ஆழமில்லாத இடத்தில் பழகு.

நாகைக்காரன்:
ஆர்கான் காற்றைப் போல் மூன்றில் இரண்டு பங்குதான் சூட்டைக் கடத்தும், உண்மை. ஆனால் நனைந்த பனியனுக்கு அது என்ன செய்யும்? ஆக்சிஜன் இல்லாத வாயு வேறு. அந்த சிலிண்டரில் மூச்சுவிடும் ரெகுலேட்டரை மாட்டவே கூடாது.

வெஸ்ட்டில் வேறு சிக்கல். அடியில் கதகதப்பாக இருந்தால் உடம்பு நைட்ரஜனை அதிகம் வாங்கும்; ஏறும்போது பேட்டரி தீர்ந்து குளிர்ந்தால் அது வெளியேறத் தாமதமாகும். அமெரிக்கக் கடற்படையின் 2007 ஆய்வில் இப்படி அடியில் சூடு, ஏற்றத்தில் குளிர் என்று இருந்தவர்களுக்குத்தான் அழுத்தநீக்க நோய் (ஏறும்போது உடம்புக்குள் நைட்ரஜன் குமிழியாவதால் வருவது) அதிகம் வந்தது. அதனால் நடுக்கம் தொடங்கினாலே டைவை முடித்துக்கொள்.

திருவாரூர் தேர்:
ஒன்றை யாரும் கேட்கவில்லையே. ரெகுலேட்டர் புதுச்சேரியில் வாங்கியதா? அதில் இஎன் 250 (ஐரோப்பியத் தரக் குறி) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 10 டிகிரிக்கு மேல் என்ற குறி இருந்தால் ஃபியோர்டுக்கு ஆகாது. உறைந்துபோய்க் காற்றைக் கொட்டும்.

பாமணிக்கரை:
ரெகுலேட்டர் நார்வேயில் வாடகைக்கு எடுப்பது, குளிர்நீருக்கு உரியதுதான். மொட்டை மாடியில் ஊதிப் பார்த்தாகிவிட்டது: தையல், ஜிப், வால்வு விளிம்பு எதிலும் குமிழி இல்லை. ஆக, கை ஈரத்துக்குக் கயிறுதான் காரணம் போல. காலில் கட்டிக்கொள்ளவா என்று கேட்டதற்கு அம்மா முறைத்தார்.

குடந்தை அக்கா:
சாமி கயிற்றைக் காலிலா! புஜத்தில் கட்டிக்கொள். அங்கே சீல் கிடையாது.

பாமணிக்கரை:
சரி அக்கா. மெரினோவை டிரான்ட்ஹெய்ம் திரும்பியதும் அங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.