சுழற்சி வாந்தி: பிள்ளை நன்றாக இருக்கும் நாட்களில்தான் வேலை இருக்கிறது

தாதி, குழந்தைகள் வார்டு, செந்தூல்

“மிஸ்ஸி, இது எப்போ நிக்கும்?” டிரிப் ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாமார் கேட்பது இதைத்தான். சுழற்சி வாந்தி என்பது நன்றாக இருக்கும் பிள்ளைக்குச் சுற்றுச் சுற்றாகக் கடும் வாந்தி வந்து, தானே நின்று, மறுபடி வரும் நோய். பெரும்பாலும் 3 முதல் 7 வயதுக்குள் தொடங்கும். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பதின்ம வயதுக்குள் அடங்கிவிடும். ஆனால் அவர்களில் பலருக்கு வாந்தி விட்ட இடத்தில் ஒற்றைத் தலைவலி (மைக்ரேன்) வந்து உட்காரும். சிலருக்கு இடையில் சில வருடம் வயிற்றுவலி மட்டும் சுற்றுச் சுற்றாக வரும். மூன்றும் ஒரே குடும்பம். அதனால்தான் அம்மாவுக்கோ அம்மாவைப் பெற்ற பாட்டிக்கோ மைக்ரேன் உண்டா என்று டாக்டர் கேட்கிறார்.

இது புது நோயும் இல்லை. லண்டனில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் 1882-லேயே எழுதி வைத்திருக்கிறார். இன்றும் கண்டுபிடிக்கத் தாமதமாவதற்குக் காரணம் ஒன்றுதான்: ஒவ்வொரு முறையும் வேறு கிளினிக், ஒவ்வொரு முறையும் “சாப்பாடு ஒத்துக்கலை”. சுற்றுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் அச்சு எடுத்ததுபோல் ஒன்றாக இருப்பது தெரியும். விடியற்காலை தொடக்கம், வெளுத்த முகம், ஒழுகும் எச்சில், உச்சத்தில் மணிக்கு 4 தடவைக்கு மேல் வாந்தி. அப்புறம் அடித்துப் போட்டதுபோல் தூக்கம். எழுந்ததும் பசி, விளையாட்டு. இடைப்பட்ட வாரங்களில் ஒரு குறையும் இருக்காது.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, தொடங்கிய மணி, நின்ற மணி, முதல் நாள் எத்தனை மணிக்குத் தூங்கினான், என்ன சாப்பிட்டான், எங்கே போனான், சளி காய்ச்சல் இருந்ததா என்று எழுதுங்கள். நான்கு சுற்று எழுதினாலே காரணம் தலைகாட்டத் தொடங்கும்.

உணவியலாளர், பிரிக்பீல்ட்ஸ்

மிஸ்ஸி சொன்ன நோட்டுப் புத்தகத்தில் பெற்றோர் முதலில் தேடுவது உணவுப் பெயரை. நான் முதலில் பார்ப்பது இடைவெளியை. இரவு 7 மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை காலையில் பசியாறாமல் பள்ளிக்குப் போய், 10 மணி ஓய்வு நேரத்தில்தான் வாய் திறக்கிறது என்றால் 15 மணி நேரம் வெறும் வயிறு. பட்டினி இந்தப் பிள்ளைகளுக்கு நேரடித் தூண்டுதல். படுக்கும் முன் ஒரு துண்டு ரொட்டியோ சிறு கிண்ணம் தயிர்சோறோ, காலையில் வேனில் ஏறுமுன் ஒரு வாழைப்பழமாவது, விளையாட்டுப் பயிற்சிக்கு முன் இரண்டு பிஸ்கட். சொன்னால் சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் சில பிள்ளைகளுக்கு மருந்தே தேவைப்படாமல் போவது இதனால்தான்.

தண்ணீர்க் கணக்கு: 20 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளில் எல்லாப் பானமும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். நம் வெயிலில் விளையாடும் நாளில் அதற்கும் மேல்.

உணவில் பொதுவாகச் சந்தேகப்படுவது சாக்லேட், சீஸ், அஜினோமோட்டோ. மைலோவும் கொக்கோதான் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. தே தாரேக் (பால் தேநீர்) கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், அதில் காஃபீன் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விலக்காதீர்கள். பிள்ளை மெலிந்துபோகும், எது காரணம் என்றும் தெரியாது. ஒன்றை நிறுத்தி, வழக்கமாகச் சுற்று வரும் கால அளவைப்போல் இரண்டு மடங்கு காத்திருந்து பாருங்கள்.

அடுத்தது நம் வீடுகளில் யாரும் நம்பாத ஒன்று: சந்தோஷமும் தூண்டும். பிறந்தநாள், தீபாவளி, பினாங்குப் பயணம். “நாளைக்கு கெந்திங் போறோம்” என்று முதல் நாள் இரவு சொன்னால் பரபரப்பு, தூக்கமின்மை, மறுநாள் வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை என்று மூன்றும் ஒன்றாகச் சேர்கிறது. காலையில் பசியாறிய பிறகு சொல்லுங்கள்.

தைப்பூசம் தனியாகத் திட்டமிட வேண்டியது. பெரியவர்கள் விரதம் இருக்கட்டும், இந்தப் பிள்ளைக்கு நேரத்துக்குச் சாப்பாடு. கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ்.லீயிலிருந்து இரவில் ரதத்தோடு நடக்க வைக்க வேண்டாம். நன்றாகத் தூங்க விட்டு, கூட்டம் குறைந்த வேறொரு நாள் காலையில் பத்துமலைக்கு அழைத்துப் போனால் 272 படியும் ஏறும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

மருந்தாளுநர், ஜோர்ஜ்டவுன்

இதெல்லாம் செய்தும் மாதம் ஒருமுறை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று வந்தால், அல்லது ஒவ்வொரு தடவையும் வார்டில் சேர்க்க வேண்டியிருந்தால், தினசரித் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். 5 வயதுக்குக் கீழே வழக்கமாக முதலில் சைப்ரோஹெப்டடின். ஒரு நாளுக்குக் கிலோவுக்கு 0.25 முதல் 0.5 மில்லிகிராம். 16 கிலோ பிள்ளைக்குக் குறைந்த அளவில் 4 மில்லிகிராம், அதாவது காலை 2 மில்லிகிராம், இரவு 2 மில்லிகிராம். பசி கூடும், எடை ஏறும், முதல் வாரம் தூங்கி வழியும். பெரிய பிள்ளைகளுக்கு அமிட்ரிப்டிலின் இரவில் ஒரு வேளை. கிலோவுக்கு 0.25 முதல் 0.5 மில்லிகிராமில் தொடங்கி, வாரம் 5 முதல் 10 மில்லிகிராம் ஏற்றி, கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம் வரை கொண்டுபோவார்கள். தொடங்குமுன் ஓர் இ.சி.ஜி. (இதயத்துடிப்புப் பதிவு), முழு அளவை எட்டிய பத்து நாள் கழித்து இன்னொன்று. அளவை மாற்றுவது டாக்டர் கையில்தான். இங்கே எழுதுவது நீங்கள் கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்து. அது தோற்பதாகத் தெரியும் இடங்கள் சில உண்டு. மருந்துத் தாளில் “மனச்சோர்வு” என்று படித்துப் பாட்டி நிறுத்திவிடுவது. ஆரம்ப அளவிலேயே ஒரு வருடம் நின்றுவிடுவது. 18 கிலோவுக்கு எழுதிய அளவை 24 கிலோ ஆன பிறகும் கொடுப்பது. ஒரு சுற்று வந்ததும் “கேட்கலை” என்று கைவிடுவது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் பிள்ளைக்கு, சரியான அளவை எட்டியபின் குறைந்தது இரண்டு, மூன்று சுற்றுக் காலம் கழித்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

புரோப்பிரனோலோல் இன்னொரு தேர்வு. இளைப்புக்கு இன்ஹேலர் எடுக்கும் பிள்ளைக்கு ஆகாது. அதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. கோ-என்சைம் கியூ10, எல்-கார்னிடின் என்ற துணைச் சத்துகள் சிலருக்கு உதவுகின்றன. கார்னிடினால் உடம்பில் மீன்வாடை வரலாம், பயப்பட வேண்டியதில்லை.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: அமிட்ரிப்டிலினைப் பூட்டி வையுங்கள். தம்பி தங்கை மிட்டாய் என்று விழுங்கினால் இதயத்துடிப்பே குலைந்துவிடும்.

ஆசிரியை, தமிழ்ப்பள்ளி, பட்டர்வொர்த்

பள்ளிக்கு எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னது மறந்துபோகும். தண்ணீர்ப் புட்டி வகுப்பிலேயே இருக்க அனுமதி, கேட்காமலேயே வெளியே போகும் உரிமை, முகம் வெளுத்தால் யாரை அழைப்பது என்ற எண். சபை கூடலில் வெயிலில் நிற்க வைக்க வேண்டாம் என்பதும் அதில் இருக்கட்டும். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) அடிக்கடி வருகிறது என்று பிள்ளையைச் சந்தேகப்படும் ஆசிரியருக்கு அந்தக் கடிதம் கண்திறக்கும்.

தாதி, செந்தூல்

டீச்சர் சொன்ன கடிதம் போலவே அவசரப் பிரிவுக்கும் டாக்டரின் கையெழுத்தோடு ஒரு தாள் வேண்டும்: நோயின் பெயர், எடை, தினசரி மருந்து, முன்பு எது கேட்டது, எது கேட்கவில்லை.

முகம் வெளுத்து, எச்சில் ஊறி, பேச்சு குறையும் அந்த முதல் நேரம்தான் நம் கையில் இருப்பது. நாக்கில் கரையும் வாந்தி மாத்திரை ஒன்டன்செட்ரானை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அப்போதே வையுங்கள். விளக்கை அணைத்து, டிவியை நிறுத்தி, தூங்க விடுங்கள். வாந்தி உச்சத்துக்குப் போனபின் வாய்வழி மருந்து வெளியேதான் வரும். பிள்ளை தாகத்தில் தண்ணீரை மடமடவென்று கேட்கும். சுற்றின்போது உடம்பு நீரைத் தேக்கி வைக்கும், ஆகவே வெறும் தண்ணீராகவே குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரை கலந்த கரைசல்) 5 மில்லி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும். அதுவும் நிற்கவில்லை என்றால் டிரிப்தான்.

அவசரத்தில் மெட்டோகுளோபிரமைட் வாந்தி ஊசி போட்ட சில பிள்ளைகளுக்குக் கழுத்து முறுக்கி, கண் மேலே சொருகும். பார்ப்பவர்கள் வலிப்பு என்பார்கள், காத்து கருப்பு என்பார்கள். மருந்தின் பக்கவிளைவுதான், அதை முறிக்கும் மருந்து கொடுத்தால் இறங்கிவிடும். முன்பு அப்படி நடந்திருந்தால் தாளில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

எல்லா வாந்தியையும் இந்தப் பெயரில் அடக்கிவிடவும் கூடாது. பலமுறை எடுத்தபின் மஞ்சளாக வருவது சகஜம். கரும்பச்சையாக வந்தால் “பித்தம்” என்று இஞ்சிச்சாறு கொடுத்து உட்காராதீர்கள், குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். குடலின் அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே ஒருமுறையாவது எடுத்திருக்க வேண்டும். இரத்தம், விடாத கடும் வயிற்றுவலி, எழுப்பினால் எழாத மயக்கம், காலைத் தலைவலியோடு தள்ளாட்டம், எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லாமை என்றால் உடனே போங்கள், தேவையானால் 999. பட்டினியிலோ இறைச்சி நிறையச் சாப்பிட்டபின்னோ மட்டும் வருகிறது என்றால் உடம்பு உணவைச் சக்தியாக மாற்றுவதில் கோளாறு (வளர்சிதைமாற்றக் கோளாறு) இருக்கலாம். அதற்கு அமோனியா, லாக்டேட், சர்க்கரை ஆகிய இரத்தப் பரிசோதனைகளைச் சுற்றின்போதே, குளுக்கோஸ் டிரிப் ஏற்றுமுன் எடுக்க வேண்டும். நன்றாக இருக்கும் நாளில் எடுத்தால் எல்லாம் சரியாகவே காட்டும்.

பல் தாதி, செலாயாங்

வாந்தி நின்றதும் பல் தேய்க்க வைக்காதீர்கள். அமிலத்தில் மென்மையான எனாமல் தேய்ந்துபோகும். தண்ணீரில் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கட்டும்.

மருந்தாளுநர், ஜோர்ஜ்டவுன்

பெரிய பிள்ளைகள் பற்றி விட்டுப்போனது. ஓராண்டு போலச் சுற்றே இல்லாமல் இருந்தால் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். குறைப்பதைத் தேர்வுக் காலத்திலோ தீபாவளியை ஒட்டியோ தொடங்க வேண்டாம். பெண்பிள்ளைக்கு மாதவிலக்கு தொடங்கியதும் அந்தத் தேதியையும் அதே நோட்டில் குறியுங்கள், இரண்டும் ஒத்துப்போனால் சிகிச்சையே மாறும். 15, 16 வயதில் புதிதாக இப்படி வாந்தி தொடங்கினால் கஞ்சாப் பழக்கத்தாலும் வரலாம். அதை டாக்டர் தனியாகக் கேட்பார், அப்போது அப்பா அம்மா அறைக்கு வெளியே இருங்கள். வாந்தி விட்டுத் தலைவலி வர ஆரம்பித்தாலும் நோட்டை மூடாதீர்கள். பழைய பக்கங்கள் கையில் இருந்தால், அது மைக்ரேன்தான் என்று முடிவுசெய்ய டாக்டருக்கு அவையே பெரிய உதவி.