ஹிப்னோபர்த்திங் வகுப்புக்குப் பணம் கட்டலாமா? (31 வாரம், தலைப்பிரசவம்)

கரூர்ப்பொண்ணு:
எனக்கு 31 வாரம் முடிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனைக்கு ஊசியை எடுத்தாலே கண் இருட்டிக்கொண்டு வரும் ஆள் நான். அக்காவுக்குப் பிரசவமானபோது லேபர் வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து வந்த சத்தம் மூன்று வருடமாகியும் காதை விட்டுப் போகவில்லை. இப்போது போனைத் திறந்தாலே ஹிப்னோபர்த்திங் வகுப்பு விளம்பரம்தான். மூச்சுப் பயிற்சி, கண்ணை மூடிக் கேட்க ஆடியோ, ‘வலியில்லாத பிரசவம்’ என்கிறார்கள். வீட்டுக்காரர் “மயக்கி வைத்தா பிள்ளை பெற வைப்பார்கள்?” என்று சிரிக்கிறார். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பவானிக்காரி:
நான் செய்தேன், தங்கச்சி. என் பையனுக்கு இப்போது இரண்டு வயது. முதலில் அந்த ‘வலியில்லாத’ என்ற வார்த்தையைத் தூக்கித் தூரப் போடுங்கள். வலித்தது, நன்றாகவே வலித்தது.

மயக்கமெல்லாம் கிடையாது. சீரியலில் மூழ்கியிருக்கும்போது பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் காதில் விழாதே, அந்த மாதிரி ஒரு கவனம், அவ்வளவுதான். கிரான்ட்லி டிக்-ரீட் என்ற இங்கிலாந்து டாக்டர் 1930களிலேயே சொன்ன விஷயம்: பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் ஏறும். மேரி மோங்கன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1989இல் இதற்கு ஹிப்னோபர்த்திங் என்று பெயர் வைத்து வகுப்பாக்கினார்.

எங்கள் வகுப்பில் ‘வலி’ என்றே சொல்லக் கூடாது, ‘அலை’ என்று சொல்ல வேண்டும். அம்மாவிடம் ஒருநாள் “அலை வரும்போது மூச்சை இப்படி விடணும்மா” என்றேன். “எங்கடி, மெரினாவுலயா?” என்றார். அத்தோடு அலையை விட்டுவிட்டேன்.

உதவியது மூச்சுதான். நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விட வேண்டும். வயிறு முட்டியதில் எனக்கு ஆறுக்கு மேல் வரவில்லை, அதுவே போதுமாக இருந்தது. 30ஆம் வாரத்திலிருந்து தினமும் ராத்திரி, இடது பக்கம் சாய்ந்து, முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்துக்கொண்டு இருபது நிமிடம். அப்புறம், வலியிலும் மூச்சை விடாமல் பழக ஐஸ் கட்டி. உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் மூச்சு விட வேண்டும். முதல் நாள் இருபது நொடியில் தொட்டியில் எறிந்துவிட்டேன். இவர் கையில் போன் டைமரோடு உட்கார்ந்து சிரித்தார்.

39ஆம் வாரம், ராத்திரி இரண்டு மணிக்கு இடுப்பு வலி. சூட்டு வலியாக இருக்கும் என்று அம்மா சீரகக் கஷாயம் போட்டுக் கொடுத்தார். அடங்கவில்லை. ஆறு மணிக்குக் கிளம்பினோம். லேபர் வார்டு வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிட்டார்கள். நான் சேர்த்து வைத்த பதினொரு ஆடியோவும் வெளியே இவர் சட்டைப்பையில்! இவரையும் உள்ளே விடவில்லை, அம்மாவை மட்டும்தான் விட்டார்கள்.

என் பெரிய தப்பு அதுதான். பயிற்சி முழுக்க இவரோடு செய்தேன். உள்ளே வந்த அம்மாவுக்கோ ஒன்றும் தெரியாது. முதல் அரை மணி நேரம் எல்லாம் மறந்துபோய்க் கத்தினேன். “கத்தாதம்மா” என்று நர்ஸின் அதட்டல் வேறு. அப்போதுதான் என் தாடை பூட்டு போட்ட மாதிரி இறுகியிருப்பது தெரிந்தது. வாயைத் தளர்த்தி ‘ஹா’ என்று விட்டேன். தோளும் கூடவே இறங்கியது. இரண்டு வலிக்கு நடுவே அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்: “நான் மூச்சு விடும்போது தோளிலிருந்து மணிக்கட்டு வரை மெதுவாகத் தடவிக் கொண்டு வா.” நாலைந்து மணி நேரம் அந்தக் கை நிற்கவில்லை. மறுநாள் அம்மாவுக்குத்தான் கைவலி.

மத்தியானம் வலி குறைகிறது என்று, வலியைக் கூட்ட ட்ரிப்ஸ் போட்டார்கள். அதற்கப்புறம் இடைவெளியே இல்லை, எண்ணிக்கை சிதறிவிட்டது. வலிக்கு ஊசி கேட்டு வாங்கிக்கொண்டேன். வகுப்பு எடுத்தவருக்கு அது தோல்வியாகத் தெரிந்தது போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 3:40க்குப் பையன் பிறந்தான், நாலு தையல்.

பணம் கட்டுவது உங்கள் இஷ்டம். வலியே இருக்காது என்று உறுதி தருகிறவரிடம் மட்டும் கட்டாதீர்கள். உள்ளே யாரை விடுவார்கள் என்று இப்போதே கேட்டு, அவரோடு பயிற்சி செய்யுங்கள்.

வெள்ளைச்சேலை சிஸ்டர்:
பதினான்கு வருடமாக லேபர் வார்டில் வேலை. கத்தாதே என்று நானும் சொன்னதுண்டு, இப்போது சொல்வதில்லை.

பிரசவத்தில் ஹிப்னோசிஸ் பற்றிய ஒன்பது ஆய்வுகளை, கிட்டத்தட்ட மூவாயிரம் பெண்கள், சேர்த்துப் பார்த்து 2016இல் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் அமைப்பு) ஒரு தொகுப்பு வெளியிட்டது. மொத்தத்தில் வலி மருந்து எடுப்பது குறையலாம், ஆனால் எபிடியூரல் (வலி மரக்க முதுகில் போடும் ஊசி) எடுப்பதிலோ சுகப்பிரசவம் ஆவதிலோ தெளிவான வித்தியாசம் இல்லை என்றார்கள். மூச்சுப் பயிற்சி, உடம்பைத் தளர்த்துவது, விரும்பிய துணை கூட இருப்பது ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனமும் 2018 வழிகாட்டியில் பரிந்துரைக்கிறது.

வேகவேகமாக மூச்சு வாங்காதீர்கள். விரல் மரத்து, தலை சுற்றும். அப்புறம், பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ மூச்சை எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும்.

கரூர்ப்பொண்ணு:
இன்று செக்கப்பில் கேட்டேன். ஒரு பெண் துணைக்கு அனுமதி உண்டாம், போனுக்கு இல்லையாம். அம்மாவுக்கு வலி என்றாலே கண்ணீர் வந்துவிடும், அதனால் அக்காவைக் கேட்டேன். “நான் கத்தினதைக் கேட்டுப் பயந்தவதானே நீ, வரேன்” என்றாள். நேற்று ஐஸ் கட்டி 35 நொடி.