மேலூர் கிரானைட்டில் 0.3 பிபிஎம் வெள்ளி: நம்பலாமா? பாறைக்கும் நாளத்துக்கும் வயது எடுப்பது எப்படி?

வைகைமணல்

எல்லாருக்கும் வணக்கம். மேலூர், கீழவளவு பக்கம் குவாரிக் கழிவிலிருந்து எடுத்த இளஞ்சிவப்பு கிரானைட்டும், அதை வெட்டிக்கொண்டு போகும் குவார்ட்ஸ் நாளமும்தான் எம்.எஸ்சி. புராஜெக்ட். நாளம் நாலு விரற்கடை அகலம். பைரைட் கண்ணுக்கே தெரிகிறது. சாம்பல் நிறத்தில் பளபளக்கும் துணுக்கும் ஒன்றிரண்டு உண்டு.

கிரானைட் மாதிரி மூன்றையும் லித்தியம் மெட்டாபோரேட்டில் உருக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து ஐசிபி-எம்எஸ்ஸில் (பிளாஸ்மாவில் அயனியாக்கி, அணுக்களை நிறைவாரியாக எண்ணும் கருவி) பார்த்ததில் வெள்ளி 0.19, 0.28, 0.34 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வந்திருக்கிறது. அதே வரிசையில் ஜிர்கோனியம் 180, 265, 320. சாதாரண கிரானைட்டில் வெள்ளி 0.05 பக்கம்தான் இருக்கும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இது நாலு முதல் ஏழு மடங்கு.

ஜிர்கோனியக் கனிமமான ஜிர்கானில் லேசர் வைத்து, யுரேனியம்–ஈயம் முறையில் 24 புள்ளிக்கு வயது எடுத்தோம். 19 புள்ளி 545 முதல் 562 மில்லியன் ஆண்டுக்குள். மூன்று 700-க்கும் 900-க்கும் நடுவில். இரண்டு 2,400-க்கு மேல்.

கேள்வி மூன்று. வெள்ளி உண்மையா? வயதுகளுக்குச் சராசரி போடலாமா? கிரானைட் வயதையே நாளத்தின் வயது என்று எழுதலாமா?

கரைசல்மேசை

தம்பி, வெள்ளியையும் ஜிர்கோனியத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டதுக்கே நன்றி. பதில் அதிலேயே இருக்கு. 0.19-ஐ 180-ஆல் வகுத்துப் பாருங்க, 0.28-ஐ 265-ஆல், 0.34-ஐ 320-ஆல். மூணுமே 0.00106-ல வந்து நிக்கும். வரைபடத்தில் போட்டா பூஜ்யத்தைத் தொட்டுப் போற நேர்கோடு. வெள்ளிக்கும் ஜிர்கோனியத்துக்கும் கிரானைட்டில் அப்படி ஒரு உறவு கிடையாது. கருவி ஜிர்கோனியத்தை வெள்ளின்னு எண்ணியிருக்கு.

நடக்கிறது இதுதான். பிளாஸ்மாவில் ஜிர்கோனியம்-91, ஆக்சிஜன்-16-ஓடு ஒட்டிக்கிட்டா நிறை 107. வெள்ளி-107 இருக்கிற அதே இடம். ஜிர்கோனியத்தில் 11.2 சதவீதம் 91, வெள்ளியில் 51.8 சதவீதம் 107. உங்க முதல் மாதிரியைக் கணக்குப் போடுவோம். 180 பிபிஎம்மில் 91-இன் பங்கு சுமார் 20. அதில் 0.4 சதவீதம் ஆக்சைடு ஆனாலே 0.08. அணு எடை வித்தியாசத்துக்கு 1.18-ஆல் பெருக்கி, 0.518-ஆல் வகுத்தா 0.18 பிபிஎம் "வெள்ளி". ரிப்போர்ட்டில் வந்ததும் கிட்டத்தட்ட அதுதான். 109-க்கு மாறினா தப்பிச்சிடலாம்னு நினைக்க வேண்டாம். அங்கே நியோபியம்-93 ஆக்சைடும், ஜிர்கோனியம்-92 ஹைட்ராக்சைடும் வந்து உக்காரும். ஆனா 107-லயும் 109-லயும் கணக்கிட்ட வெள்ளி ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலைன்னா, குறுக்கீடு இருக்குன்னு அப்பவே தெரிஞ்சிடும். அதனால ரெண்டையும் குறிச்சு வைங்க.

மெட்டாபோரேட் உருக்கு தப்பான முறை இல்லை. ஜிர்கோனியம், ஹாஃப்னியம், கனமான அருமண் தனிமங்கள் முழுசா வேணும்னா அதுதான் சரி. நாலு அமிலக் கரைப்பில் ஜிர்கான் மணி கரையாம அடியில் தங்கிடும். ஆனா ஜிர்கோனியம் முழுசா கரைசலுக்கு வர்றதே வெள்ளிக்கு வினை. அதனால அதே பொடியில் தனியா 0.5 கிராம் எடுத்து ராஜதிராவகத்தில் போடுங்க: ஹைட்ரோகுளோரிக் 4.5 மில்லி, நைட்ரிக் 1.5 மில்லி, 95 டிகிரியில் ரெண்டு மணி நேரம், அப்புறம் 25 மில்லிக்கு நிரப்பணும். ஜிர்கான் அசையாது, சல்ஃபைடு கரைஞ்சிடும். நிரப்புறப்ப வெறும் தண்ணி ஊத்தாதீங்க. 20 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஊத்துங்க. அமிலம் நீர்த்துப் போனா வெள்ளி குளோரைடு வெள்ளைக் கலங்கலா இறங்கும், மேலே இருக்கிற தெளிவை உறிஞ்சின கருவி குறைச்சுக் காட்டும். கிரானைட்டில் அது தெரியாது. வெள்ளி கூடுதலா இருக்கிற நாளத்தில் நிச்சயம் தெரியும். கரைசலைப் பழுப்பு பாட்டில்ல வச்சு அன்னிக்கே ஓட்டிடுங்க.

ஓட்டுறப்ப முதல்ல வெள்ளியே கலக்காத 1 பிபிஎம் ஜிர்கோனியக் கரைசல் ஒண்ணை உறிஞ்ச விடுங்க. 107-ல எத்தனை எண்ணிக்கை வருதோ அதுதான் அன்னியத் திருத்தக் காரணி. நேத்து வந்ததை இன்னிக்குப் போடக் கூடாது. டார்ச் இருக்கும் நிலை, வாயு ஓட்டம் மாறினா ஆக்சைடு விகிதமும் மாறும்.

நாளத்துப் பொடியைப் பிளாட்டினம் மூசையில் போட்டு உருக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கிறேன். கந்தகம், ஈயம், ஆர்செனிக், வெள்ளி எல்லாமே பிளாட்டினத்தோடு கலந்து குறைந்த சூட்டில் உருகும் கலவை ஆகும், மூசையில் ஓட்டை விழும்.

நாகமலைவாத்தியார்

வெள்ளிக் கணக்கை மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். வயதுக்கு வருகிறேன். சராசரி போடாதீர்கள், தம்பி. மதுரைப் பாறையில் சராசரி போட்டால் எந்தக் காலத்திலும் நடக்காத ஒரு நிகழ்ச்சிக்குத் தேதி எழுதியதாகும்.

வடக்கே பாலக்காடு–காவிரி நொறுங்கு மண்டலம், தெற்கே அச்சன்கோவில் மண்டலம். இவற்றுக்கு இடைப்பட்ட மதுரை நிலப்பகுதி முழுக்க 550 மில்லியன் ஆண்டு வாக்கில் ஒருமுறை நன்றாக வெந்திருக்கிறது. பழனி மலைப் பக்கம் சஃபிரின் கனிமம் இருக்கும் பாறைகள் 900 டிகிரியைத் தாண்டியவை. அவ்வளவு சூட்டிலும் ஜிர்கான் தன் பழைய வயதை முழுக்க இழக்காது. மேலே புதுத் தோல் வளர்த்துக்கொள்ளும். வெங்காயம் மாதிரி. நடுவில் பழைய மையம், சுற்றி உருகிய குழம்பில் வளர்ந்த அடுக்கு, அதற்கும் மேலே உருமாற்றத் தோல். உங்கள் லேசர் புள்ளி 35 மைக்ரான் என்றால் மையத்தில் பாதி, தோலில் பாதி விழுந்திருக்கலாம். அந்தப் புள்ளி 2,400-க்கும் 550-க்கும் நடுவில் ஏதாவது ஒரு எண்ணைத் தரும்.

அதற்காக 700–900 புள்ளிகள் மூன்றையும் கலப்பு என்று தள்ளிவிடவும் முடியாது. இந்தப் பகுதியில் அந்தக் கால இடைவெளியில் உண்மையாகவே உறைந்த கிரானைட்டுகள் உண்டு. அதனால் மௌண்ட்டை (ஜிர்கான் மணிகளைப் பதித்த வில்லையை) மறுபடி சி.எல். படம் (எலக்ட்ரான் பட்டு மணி ஒளிர்வதைக் காட்டும் படம்) எடுத்து, லேசர் குழி எந்த அடுக்கில் விழுந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். குழி ஒரே அடுக்குக்குள் இருந்து, யுரேனியத்தின் இரண்டு கடிகாரங்களும் (238, 235) ஒரே வயதைச் சொன்னால் அந்தப் புள்ளி நிற்கும். 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் விட்டுவிடுங்கள். வெளிச்சமும் இருட்டுமாக மாறி மாறிச் சீரான கோடுகள் தெரிந்தால் குழம்பில் வளர்ந்தது. கோடே இல்லாமல் மொழுக்கென்று, தோரியம்–யுரேனிய விகிதம் 0.1-க்குக் கீழே இருந்தால் உருமாற்றத் தோல் என்பது வழக்கு. ஆனால் மிகை வெப்பம் கண்ட பாறையில் உருமாற்றத் தோலிலும் அந்த விகிதம் 0.1-க்கு மேல் போகும், ஆகவே படம் இல்லாமல் விகிதத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

எந்த விகிதத்தை எழுதுவது என்பதும் முக்கியம். 1,000 மில்லியனுக்குக் குறைந்த புள்ளிகளுக்கு ஈயம்-206/யுரேனியம்-238. 550 மில்லியன் ஆண்டு ஜிர்கானில் ஈயம்-207 சேர்ந்திருப்பது சொற்பம், அதை நம்பினால் பிழை பெருகும். 2,400 சொன்ன இரண்டுக்கும் ஈயம்-207/ஈயம்-206. ஓட்டத்தின் நடுநடுவே 91500 (1,065 மில்லியன்), ப்ளெஷோவிட்சே (337 மில்லியன்) என்ற, வயது தெரிந்த இரண்டு நிலைமாதிரி ஜிர்கான்களும் சரியான வயதைத் தந்தனவா என்று பாருங்கள். ஒன்றை வைத்து அளவுதிருத்தம், மற்றதை வைத்துச் சோதனை. இரண்டாவது தப்பினால் மற்ற எதையும் எழுத வேண்டாம்.

மூன்றாவது கேள்விக்குப் பதில்: எழுதக் கூடாது. நாளம் கிரானைட்டை வெட்டுகிறது என்றால் நாளம் அதற்குப் பிந்தியது, அவ்வளவுதான் தெரியும். எவ்வளவு பிந்தியது என்பதை நாளத்திலேயே உள்ள கனிமம்தான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கென்று கடிகாரம் கிடையாது. கூட வளர்ந்த பொட்டாசியக் கனிமம் வேண்டும்: செரிசைட், மஸ்கோவைட், மேல்மட்ட நாளமானால் அடுலேரியா. இவற்றுக்கு ஆர்கான்–ஆர்கான் முறை, ஐ.ஐ.டி. பம்பாயில் அதற்கான வசதி உண்டு. செரிசைட் மிக நுண்ணியதாக இருந்தால் அணு உலையில் நியூட்ரான் பட்டதும் பொட்டாசியத்திலிருந்து உண்டாகும் ஆர்கான்-39 மணியை விட்டே தெறித்து வெளியேறும். தெறிக்கும் தூரம் சுமார் 0.1 மைக்ரான்தான், ஆனால் மணியே ஒரு மைக்ரான் என்றால் அது பெரிய இழப்பு, வயது கூடிப்போகும். 100 மைக்ரானுக்கு மேற்பட்ட தகடுகளைப் பொறுக்குங்கள். கிரானைட்டின் பயோட்டைட்டை நாளத்துக்குப் பதிலாக அனுப்பாதீர்கள். அது 300–350 டிகிரிக்குக் கீழே எப்போது ஆறியது என்று மட்டும் சொல்லும்.

குவாரிக்கல்

ஜிர்கான் பிரிக்கிற விஷயத்துல ரெண்டு சேர்த்துக்கிறேன். அடுத்த தடவை நாளத்து ஓரமா எடுத்த பாறையில் பிரிச்சா பைரைட் தொந்தரவு பண்ணும். ஜிர்கான் அடர்த்தி 4.6, பைரைட் 5.0; கனிமம் பிரிக்கிற கனத்த திரவங்களான புரோமோஃபார்மிலும் மெத்திலீன் அயோடைடிலும் ரெண்டும் சேர்ந்தே மூழ்கும். கனமணியை 1:1 நைட்ரிக் அமிலத்தில் மிதமா சூடாக்கினா பைரைட் கரைஞ்சு போயிடும். ஆனா அப்படைட்டும் கூடவே போயிடும். அப்படைட் வேணும்னா முன்னாடியே ஒரு பங்கு எடுத்து வச்சிடுங்க.

புரோமோஃபார்ம் அடர்த்தி 2.89 இருக்கணும். புனலை அசிட்டோன்ல கழுவிட்டுக் காயவிடாம ஊத்தினா அடர்த்தி இறங்கிடும், வேண்டாததெல்லாம் கீழே வரும். ஒரு சுத்தமான டோலமைட் துண்டு போட்டுப் பாருங்க, மிதக்கணும். மூழ்கினா திரவம் நீர்த்திருக்கு. ஆவி நல்லதில்லை, ஃப்யூம் ஹுட்டுக்கு வெளியே திறக்காதீங்க. சல்லடைக்குக் கம்பி வலை வேண்டாம், 250 மைக்ரான் நைலான் துணியை மாதிரிக்கு ஒண்ணா வெட்டி, முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடுங்க. கம்பிக் கண்ணில் மாட்டின போன மாதிரியோட ஜிர்கான் ஒரே ஒண்ணு போதும், உங்க பாறைக்கு இல்லாத வயசு வந்து நிக்கும். அந்த 2,400 ரெண்டும் பழைய மையமா, மாட்டின மணியான்னு சி.எல். படம் பார்த்தா தெரிஞ்சிடும்: சுத்தி 550 தோல் இருந்தா அது உங்க பாறையோடதுதான்.

சாம்பல் துணுக்கு என்னன்னு முதல்ல பாருங்க. மெருகு பூசாத பீங்கான் ஓட்டுல தேய்ச்சா கலீனா (ஈயத் தாது) ஈயச் சாம்பல் கோடு போடும், கனசதுரமா உடையும். கோடு சிவப்புன்னா ஹெமடைட். கறுப்புக் கோடு, காந்தத்துக்கு ஓடி வருதுன்னா மேக்னடைட். காகிதத்தில் பென்சில் மாதிரி எழுதினா மாலிப்டினைட்டா இருக்கலாம். அது கிடைச்சா ரொம்ப நல்லது, ரீனியம்–ஆஸ்மியம் முறையில் நாளத்தோட வயசே நேரா வரும்.

இங்கே போடோசி வெள்ளி மலை மாதிரி எதிர்பார்க்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. பொலிவியாவில் அந்த மலை டாசைட்ங்கிற எரிமலைப் பாறைக் குவிமாடம். ஜிர்கான் வயசு 1.38 கோடி ஆண்டு, தாதுவைச் சுத்தின செரிசைட் வயசும் பிழை எல்லைக்குள்ள அதேதான். குழம்பு தரைக்குக் கிட்டத்தில் ஏறி நின்ன சூட்டில் வெந்நீர் ஓடி வெள்ளியை இறக்கியிருக்கு. மேல்மட்ட வெள்ளி நாளம் பெரும்பாலும் தரைக்குக் கீழே ஒன்றரை கிலோமீட்டருக்குள்ள, 150–300 டிகிரியில் உருவாகும். யானைமலை, நாகமலையைச் சுத்தி நாம இப்போ மிதிச்சு நடக்கிற நைஸும் சார்னோக்கைட்டும் ஒரு காலத்தில் 20 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தவை. மேலே அப்படி நாளம் எதாவது இருந்திருந்தாலும் அரிச்சுப் போய் எவ்வளவோ காலம் ஆச்சு. குழம்பு கிட்டத்தில் இருந்தாத்தான் வெள்ளின்னும் இல்லை: ராஜஸ்தான் ராம்புரா ஆகுச்சா வெள்ளி, ஈயம்–துத்தநாகத்தோடு படிவுப் பாறையில் வந்தது. கனடா கோபால்ட் ஊர்ல 2,200 மில்லியன் ஆண்டு வயசான டயபேஸை (கறுப்பு நிறக் குழம்புப் பாறை) வெட்டுற நாளத்தில் உலோக வெள்ளியாவே கிடைச்சுது. டயபேஸ்ல ஜிர்கான் அரிது, அங்கே வயசுக்குப் பேடலியைட் (ஜிர்கோனிய ஆக்சைடு கனிமம்) தேடணும்.

வைகைமணல்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 107, 109 இரண்டையும் பார்த்தேன். 109-இல் வந்த வெள்ளி பாதிகூட இல்லை. துணுக்கு கறுப்புக் கோடு போடுகிறது, காந்தம் இழுக்கிறது.

இன்னொன்று. அதே ரிப்போர்ட்டில் டங்ஸ்டன் 85 பிபிஎம், கோபால்ட் 12. மேலூர்ப் பக்கம் என்பதால் கேட்கிறேன், இதைப் பெரிதாக எழுதலாமா?

கரைசல்மேசை

எழுதாதீங்க தம்பி. பொடி எதில் அரைச்சீங்க? டங்ஸ்டன் கார்பைடு ரிங் மில்லா? அந்த வளையத்தில் டங்ஸ்டனோட பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கோபால்ட் பிணைப்பு இருக்கும். 85-க்கு 8. கிரானைட்டுக்கு இயல்பா இருக்கிற மூணு நாலைக் கூட்டினா 12. டான்டலமும் ஏறியிருக்கான்னு பாருங்க, மில்லுக்கு மில் அது மாறும்.

மேலூர்ப் பக்கத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் நடந்து, 2025 ஜனவரியில் ரத்தான விஷயம் உங்களுக்குத் தெரியும். அந்தச் சுத்துப்பட்டு ஊர்ல யாராவது உங்க அட்டவணையைப் பார்த்து 85-ஐ மட்டும் எடுத்துப் பேசினா, அரைவை எந்திரத்தோட தேய்மானம் ஊர்ப் பிரச்சினை ஆயிடும். அரிட்டாபட்டி மலையில் மாதிரி எடுக்கவும் போகாதீங்க. 2022-ல பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்ச இடம், குவாரிக் கழிவே உங்களுக்குப் போதும்.

சுத்தமான குவார்ட்ஸ் மணல் 50 கிராம் அதே மில்லில், அதே நிமிஷக் கணக்குக்கு அரைச்சு, வெற்று மாதிரியா அனுப்புங்க. அதில் எவ்வளவு டங்ஸ்டன் வருதோ அது மில்லோட பங்கு. மிச்சப் பாறைத் துண்டை அகேட் மில்லில் அரைச்சு மறுபடி பாருங்க. அகேட்டில் நேரம் கூட ஆகும், 75 மைக்ரானுக்குக் கீழே போக இருபது நிமிஷமாவது விடணும். சூடு ஏறினா அகேட் விரிசல் விடும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஆறவிடுங்க.