உப்புத் தண்ணீர் உங்கள் கழிவுநீர்த் தாங்கிக்குள் போன கதை இருந்தால் எழுதுங்கள்

மட்டக்குளிக்காரன்:
இறால் பதப்படுத்தும் இடமொன்றில் கழிவுநீர்த் தாங்கி பார்த்தேன். ஒரு சனி இரவு உப்புக்கரைசல் தொட்டியைக் கழுவி, வரும் கழிவுநீரைக் கலந்து சீராக்கும் சமப்படுத்தும் தாங்கிக்கு விடாமல், பக்டீரியா கழிவைத் தின்னும் காற்றூட்டும் தாங்கிக்கு நேரே திறந்துவிட்டார்கள். திங்கள் காலை உப்பைக் காட்டும் கடத்துதிறன் மீற்றரில் 28 மில்லிசீமென்ஸ், மற்ற நாட்களில் 6ஐத் தாண்டாது. ஒரு லீற்றர் சாடியில் சேறு, அதாவது அந்தப் பக்டீரியாக் கூட்டம், எடுத்து வைத்தேன். வழக்கமாக அரை மணித்தியாலத்தில் கபிலச் சேறு கீழே போய்விடும், மேல் தண்ணீருக்கு ஊடாகச் சுவர்க்கடிகாரத்தில் மணி பார்க்கலாம். அன்று ஒரு மணித்தியாலம் கழிந்தும் கஞ்சித் தண்ணீர்தான், முள் தெரியவில்லை. நுணுக்குக்காட்டியில், நல்ல சேற்றில் இருக்கும் வோர்ட்டிசெல்லா என்ற நுண்ணுயிர் ஒன்றுகூட ஆடவில்லை.

பயத்தில் குழாயைத் திறந்து நல்ல தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தேன். பின்னேரம் நுரை விளிம்பைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிட்டது.

வெள்ளவத்தை சுதா:
எங்களுக்குச் சேறு சாகவில்லை, அதுதான் ஏமாற்றியது. ஹோட்டல் சலவைப் பகுதியில் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம், அதை உப்புப் போட்டுக் கழுவும் தண்ணீர் தினமும் இரவில் தாங்கிக்கு வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பீஓடி, அதாவது பக்டீரியா தின்னக்கூடிய கழிவின் அளவு, நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் சும்மா நைத்திரைற்றுப் பட்டியை நனைத்தேன், கடும் இளஞ்சிவப்பு, நைத்திரைற்று நிறைய! அமோனியாவை நைத்திரைற்றாக்கும் கூட்டம் தாக்குப்பிடித்திருக்கிறது, அதை நைத்திரேற்றாக்கும் கூட்டம் படுத்துவிட்டது. இரண்டில் பின்னதுதான் உப்புக்கு அதிகம் பயந்தது.

கழிவுநீர்த் தம்பி:
மட்டக்குளி அண்ணன், கோபிக்க வேண்டாம், உப்பு உங்கள் தாங்கியைப் பாதிதான் கெடுத்தது, மீதி அந்த நல்ல தண்ணீர். கருவாடு ஏன் அழுகுவதில்லை? உப்பு பக்டீரியாவின் உடம்பிலுள்ள தண்ணீரை வெளியே இழுத்துவிடும், அதே கதைதான் இங்கும். பிழைத்தவை பொட்டாசியம், கிளைசின் பீட்டெயின், எக்டோயின் மாதிரிச் சாமான்களை உள்ளே சேர்த்து வெளி உப்புக்கு ஈடுகட்டும். அந்த நிலையில் நல்ல தண்ணீரைக் கொட்டினால் தண்ணீர் திபுதிபுவென்று உள்ளே ஏறும், வெடிக்கும், உள்ளே இருந்த புரதமெல்லாம் வெளியே வந்து நுரையாகும். இனி யாராவது இதைச் செய்வதென்றால் முதலில் உப்பு வரத்தை நிறுத்துங்கள், காற்றை நிறுத்த வேண்டாம், சேறு அகற்றுவதைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள், வழக்கமான கழிவுநீரைக் குறைத்துக் குறைத்து விடுங்கள், கடத்துதிறன் நாளுக்கு நாள் மெதுவாக இறங்கட்டும். உப்பு எப்போதும் வரும் இடமென்றால் கிழமைக்குக் கிழமை கொஞ்சமாகக் கூட்டிப் பழக்கலாம், லீற்றருக்கு 10 கிராமுக்கு மேலேயும் ஓடும் தாங்கிகள் இருக்கின்றன. நாளுக்கொரு அளவு வருவதுதான் கொல்லும். சமப்படுத்தும் தாங்கியைச் சின்னதாகக் கட்டிக் காசு மிச்சம் பிடிக்கிறவர்களை என்ன சொல்ல!

என் அனுபவமா? முகத்துவாரம் பக்கம் ஒரு தாங்கி, இதே கதைதான்.

ஆய்வுகூட அக்கா:
தம்பி, உங்கள் அனுபவம் ஒரு வரிதானா? எனக்கு உறுத்துவது உப்புக் கழிவுநீர் ஒன்றின் சீஓடி அறிக்கை, டைகுரோமேற்று என்ற இரசாயனத்தால் கழிவின் அளவைப் பார்ப்பது. குழாய் செம்மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியது, எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம், எனக்கு வந்தது 410, கையெழுத்தும் வைத்துவிட்டேன். உப்பிலுள்ள குளோரைட்டும் டைகுரோமேற்றைத் தின்று அளவைக் கூட்டிக் காட்டும் என்பதைப் படித்திருந்தேன், அன்று நினைவுக்கு வரவில்லை. குளோரைட்டைக் கட்டிப்போட மேர்க்கூரிக் சல்பேற்று போட்டாலும், அது லீற்றருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டினால் ஐதாக்கித்தான் பார்க்க வேண்டும். ஒழுங்காகத் தாங்கியை ஓட்டிய மனிதர் என் தாளால் ஏச்சு வாங்கினார்.

மட்டக்குளிக்காரன்:
தம்பி சொன்னது சரி. அதற்குப் பிறகு வேறிடத்திலிருந்து பவுசரில் சேறு கொண்டுவந்து போட்டுத்தான் ஓட்டினோம். ஒன்றை முதலில் எழுதாமல் விட்டேன். அந்த வால்வைத் திறந்தது ஹட்டனிலிருந்து வந்து மூன்று கிழமையான பொடியன். எந்த வால்வு எதற்கு என்ற பலகை சிங்களத்தில் மட்டும்தான் இருந்தது, அவனுக்கு வாசிக்கத் தெரியாது. நுரை வழிந்ததற்கும் சேர்த்து அவனைத்தான் எல்லார் முன்னாலும் ஏசினேன்.