மதுரை – துபாய்: போக 2.45, வர 5.20 மணி நேரமா?

கீழக்கரை_கடைத்தெரு:
உம்மாவுக்கு டிக்கெட் பார்க்கிறேன். மதுரையில் பகல் 12.00க்கு ஏறினால் துபாயில் 2.45, திரும்பும்போது காலை 7.00க்கு ஏறினால் மதுரையில் 12.20னு காட்டுது. எது சரி? வீட்டை விட்டு எப்போ கிளம்பணும்? கொழும்பு வழியா விலை குறைவு, எடுக்கலாமா?

தொண்டி_திசைகாட்டி:
ரெண்டும் சரி காக்கா. டிக்கெட்டில் போடுறது அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி. போக 2.45உடன் 1.30 கூட்டுங்க: 4.15. வர 5.20ல் 1.30 கழிங்க: 3.50.

நேர்கோட்டில் சுமார் 2,950 கி.மீ. போயிங் 737 மணிக்கு 840 கி.மீ. வாக்கில் பறக்கும், அதுக்கு மூன்றரை மணி. ஓடுபாதைக்கு நகர்றது, மேலே ஏறுறது, துபாயில் இறங்க வரிசையில் சுத்துறது எல்லாம் சேர்ந்ததுதான் டிக்கெட் நேரம்.

பாம்பன்_வாடை:
போக 4.15, வர 3.50, இந்த 25 நிமிஷ வித்தியாசம் காற்றால. மார்கழி, தையில் ஓமான், அரபிக்கடல் வடபகுதிக்கு மேலே மேற்கேயிருந்து காற்று பலமா அடிக்கும். போற விமானத்துக்கு எதிர்க்காற்று, வர்றதுக்குப் பின்காற்று. ஆடியில் இங்கே தரையில் கச்சான் (மேற்கேயிருந்து வர்ற காற்று) அடிச்சாலும், தென்னிந்தியாவுக்கு மேலே 12 கி.மீ. உயரத்தில் காற்று கிழக்கேயிருந்து வீசும். அதனால அந்த மாசங்களில் போக, வர வித்தியாசம் குறையும்.

ராம்நாடு_ரோடு:
கீழக்கரையிலிருந்து விமான நிலையம் ஏறக்குறைய 130 கி.மீ., இரண்டரை மணி. பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் தாண்டி விரகனூரில் ரிங் ரோட்டில் திரும்பிடுங்க, மதுரை ஊருக்குள்ள போகவே வேண்டாம். கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்க, கெஞ்சினாலும் திறக்க மாட்டாங்க. 12 மணி விமானத்துக்கு 9 மணிக்கு உள்ளே இருக்கணும்னா, சுபுஹு தொழுததும் 6 மணிக்குள்ள வண்டி எடுக்கணும். வீல்சேர் வேணும்னா டிக்கெட் போடும்போதே சொல்லிடுங்க.

தேவிபட்டினம்_துறை:
கொழும்பு வழின்னா மதுரை–கொழும்பு 355, கொழும்பு–துபாய் 3,290 கி.மீ. நேர்வழியைவிட 700 கி.மீ. கூடுதல், கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவில் காத்திருப்பு தனி. ரெண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர்.ல (முன்பதிவு எண்) இருந்தால் மட்டும் எடுங்க. அப்போ பெட்டியை மதுரையிலேயே துபாய் வரைக்கும் போடுவாங்க. பெட்டியில் ஒட்டுற டேக்கில் டிஎக்ஸ்பி (DXB, துபாய் விமான நிலையக் குறியீடு) என்ற எழுத்து இருக்கான்னு கவுண்டர்லயே பாருங்க. தனித்தனி டிக்கெட்னா கொழும்பில் இமிக்ரேஷன் தாண்டிப் பெட்டியை எடுத்து மறுபடி போடணும், இலங்கை நுழைவு அனுமதியும் வேணும். வயசானவங்க தனியா போறப்போ அந்த விலைக்குறைவு வேண்டாம் காக்கா.

இன்னொன்று, டிக்கெட்டில் 13ந்தேதி 00.40னு (நள்ளிரவு தாண்டி 40 நிமிஷம்) இருந்தால் 12ந்தேதி அந்திக்கே வீட்டிலிருந்து கிளம்பணும். விமானத்தைத் தவற விடுறவங்க நிறைய பேர் இந்தத் தேதிக் குழப்பத்தில்தான் ஏமாறுறாங்க.